தெரியாது என்று அமத்திய ஐந்து பேர்

1

பத்திரிகை ஆசிரியர் ஐயாவிடமும் ஊரில் இருந்து வாசிக்கிறவர்களிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிவிட்ட வளவு மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் தாராளமாக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு என் கைக்குப் பழக்கம் இரும்பு கடைகிற லேத் மெசினின் பிடிதான். பேனை பிடித்ததெல்லாம் ஒப்பம் வைப்பதற்கு மட்டும். என் மனைவி தவமணி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். முதல் இரண்டு பக்கத்தையும் அவள்தான் திருத்தித் தந்தாள். மூன்றாம் பக்கத்தில் ‘ர’வும் ‘ற’வும் இடம் மாறி இருப்பதைப் பார்த்துவிட்டு, அடுப்பில் கறி கிடக்கிறது என்று எழும்பிப் போனவள் திரும்பி வரவில்லை. ஆகவே மூன்றாம் பக்கத்தில் இருந்து ஆசிரியர் ஐயாதான் பொறுப்பு.

நான் மட்டக்களப்புச் செட்டிபாளையத்துக்காரன். சுவிஸுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை. காலையில் உருளைக்கிழங்கு தோல் சீவுவேன். மத்தியானம் பாத்திரம் கழுவும் மெசினோடு நிற்பேன். அந்த மெசின் பழுதானால் திருத்துகிற ஆள் வர இரண்டு நாள் எடுக்கும். மூன்று முறை ஒருவருக்கும் சொல்லாமல் நானே திருத்திவிட்டேன். சொன்னால் ஏன் திருத்தினாய், எங்கே படித்தாய், சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். எனக்குக் கதைக்க வெட்கம். பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சமையலறையில் நான் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். பொறுப்பாளர் அம்மாவுக்கு அதனாலேயே என்னைப் பிடிக்கும்.

2

எல்லாம் என் மகள் நிரோஜாவின் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. இங்கே எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகள் என்ன தொழிலுக்குப் போவது என்று யோசிக்க வேண்டும். நல்ல இடத்தில் தொழில் பழகுனராகச் சேர ‘விற்றமின் B’ முக்கியம் என்று ரீச்சர் சொன்னாராம். தவமணி மருந்துக் கடைக்குப் போகச் செருப்பைக் கொழுவிவிட்டாள். மகள் மறித்து விளங்கப்படுத்தினாள். இந்த நாட்டில் தெரிந்த ஆட்களுக்கு அப்படி ஒரு பகிடிப் பெயர் இருக்கிறதாம். எத்தனை பேரைத் தெரியுமோ அத்தனை நல்லதாம்.

அதற்கு ஒரு வீட்டுவேலையும் கொடுத்திருந்தார்கள். வீட்டில் உள்ள ஒருவருக்குத் தொழில் தொடர்புகளுக்கான இணையத்தளத்தில் ஒரு பக்கம் திறந்து, அவருடைய தொடர்புகளை எழுதிக்கொண்டு வரவேண்டும். தவமணி தப்பிவிட்டாள். நான் கதிரையில் இருத்தப்பட்டேன்.

பெயர் கேட்டாள், சொன்னேன். அடுத்தது தொழில் என்றாள். ஆனால் என் வாய் நிற்கவில்லை. தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு, வீட்டில் எத்தனை பேர், அதில் ஆண்கள் எத்தனை பேர், உயரம், இடது பெருவிரலில் வெட்டுத் தழும்பு என்று வரிசையாக ஒப்புவித்தேன். எந்த இயக்கத்தோடும் தொடர்பு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மகள் தட்டுவதை நிறுத்தினாள்.

“அப்பா, இதெல்லாம் ஆர் கேட்டது?”

ஒருவரும் கேட்கவில்லைதான். ஆனால் நிரப்புகிற பாரம் என்று ஒன்று முன்னால் வந்தால் எனக்கு இதெல்லாம் தானாக வரும்.

தெரிந்த மொழிகள் என்று ஒரு பெட்டி இருந்தது. தமிழ் நன்றாக, ஜெர்மன் சமையலறை அளவு, சிங்களம் ஆமி செக் பொயின்ற் அளவு என்றேன். கடைசியாகச் சொன்னது எவ்வளவு என்று மகள் கேட்டாள். ‘இறங்கு’, ‘அடையாள அட்டையை எடு’, ‘எங்கே போகிறாய்’, ‘போ’ என்ற நாலும் நன்றாக விளங்கும் என்றேன். நாலு வசனம் தெரிந்தால் அதை மொழி என்று போட ஏலாது என்றாள். அந்த நாலு வசனத்தோடுதான் நாங்கள் எத்தனையோ வருஷம் சீவித்தோம்.

படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னாள். அடையாள அட்டைப் படத்தில் சிரித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் நான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் யாரோ என்னைச் சுவரோடு நிற்க வைத்து எடுத்தது போல இருக்கிறது. இன்றைக்கும் அதுதான் அங்கே கிடக்கிறது.

கடைசியில் ‘தொடர்புகள்: 0’ என்று வந்தது. மகளுக்கு அது பெரிய வெட்கம். அவளோடு படிக்கிற ஒரு பிள்ளையின் தகப்பனுக்கு நானூறுக்கு மேலே இருக்கிறதாம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பூச்சியத்தைப் பார்க்க மனதுக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் ஒரு மனிதனுக்கு அதைவிட நல்ல நற்சான்றிதழ் வேறென்ன இருந்தது?

3

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. மகள் நீச்சலுக்குப் போயிருந்தாள். கணினி ‘டிங்’ என்றது. போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு முகம். மீசை வழித்து, கழுத்துப்பட்டி கட்டி, கண்ணைப் பெரிதாகத் திறந்துகொண்டு சூசை!

சூசை தன்னாமுனைக்காரன். மட்டக்களப்பு ரவுணில் ஒரு லேத் பட்டறையில் நாங்கள் ஆறு பேர் வேலை செய்தோம். அவனும் நானும் பதினொரு வருஷம் ஒரே மெசினில் நின்றவர்கள். ரைஸ் மில், வோட்டர் பம், போட் எஞ்சின் என்று எது பழுதானாலும் எங்களிடம்தான் வரும். சாமான் வராத காலம். பழைய லொறியின் அச்சைக் கடைந்து பம்முக்கு ஷாப்ட் செய்து வயல் வட்டைக்குத் தண்ணீர் இறைக்க விட்டவர்கள் நாங்கள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைக் கண்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

முகத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஜெர்மன் மொழியில் ஒன்று ‘ஏற்றுக்கொள்’, மற்றது ‘இவரை எனக்குத் தெரியாது’.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் ‘தெரியாது’ என்பதை அமத்திவிட்டது. முகம் மறைந்தது. எனக்கு உடனே ஒரு ஆறுதல். சூசையை ஒரு ஆபத்தில் இருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற மாதிரி.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது. ஊரில் உள்ள உங்களுக்குச் சொல்லத் தேவையே இல்லை. ஆமியின் சுற்றிவளைப்பில் எங்களை வரிசையாக நடக்க விடுவார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவர் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் ஆளை ஏற்றுவார்கள். தெரியும் என்று சொல்வது தலையை ஆட்டுவதற்குச் சமம் என்று நாங்கள் அப்போதே படித்துக்கொண்டோம். ஒருவனுடைய முகத்தைக் காட்டி இவனைத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்பதுதான் அவனுக்கு நீ செய்யக்கூடிய உதவி. உனக்கும் அது உதவி. அவனும் உன்னைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான். இதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒருநாள் சூசையும் நானும் ஒரே சைக்கிளில் பாலத்தடிக்கு வந்தோம். சூசை மிதிக்கிறான், நான் முன்னால் குறுக்குப் பாரில் இருக்கிறேன். என் மடியில் சாக்கில் சுற்றிய ரைஸ் மில் ஷாப்ட் ஒன்று. நாலடி நீளம். சாக்கில் சுற்றினால் அது எப்படித் தெரியும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. ஆமிக்காரர் இறங்கச் சொன்னார்கள். தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு அதிகாரி சூசையைத் தள்ளி நிற்கவைத்து, என்னைக் காட்டி இவனைத் தெரியுமா என்று கேட்டார். சூசை தெரியாது என்றான். பிறகு என்னிடம் வந்து அதையே கேட்டார். நானும் தெரியாது என்றேன். இரும்பு யாருடையது என்றார். இரண்டு பேரும் ஒன்றாகத் தெரியாது என்றோம்.

அதிகாரி எங்களைச் சுற்றி ஒரு முறை நடந்தார். “ஒரு சைக்கிள். ஒரு இரும்பு. ரெண்டு ஆள். ஆளுக்கு ஆள் தெரியாது” என்றார். “அப்ப நீ இவன்ட மடியில இருந்து என்ன செய்றது?”

“பாரில, சேர்” என்றேன். அது ஒன்றுதான் எனக்குச் சொல்ல வந்தது.

மற்ற ஆமிக்காரரையும் கூப்பிட்டு அவர் எங்களைக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். ஆனால் விடவில்லை. மில்காரர் வந்து சொல்லும் வரைக்கும் வெயிலில் இருத்தி வைத்தார்கள். மத்தியானம் சூசை தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து என் பக்கம் தள்ளினான். ஆளை ஆள் பார்க்காமல், முன்பின் தெரியாதவர்கள் போல, ஒரே பார்சலில் சாப்பிட்டு முடித்தோம்.

4

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது.

“மச்சான், சூசை பறையிறன். ரவுணுக்க ஒரு கொமினிகேசன் கடையில நிண்டு.”

அவன்தான் பேசினான். இஞ்ச காலநிலை சரியில்லை, காத்து மழை கூட, ஆம்புளையள் வெளிய வெளிக்கிடப் பயம் என்றான். வெள்ளம் வருமா என்று கேட்டேன். எங்கட றோட்டு வரைக்கும் வந்திட்டு என்றான். சித்திரை மாதத்தில் மட்டக்களப்பில் எங்கே மழை? அது ஆள்பிடிப்பைச் சொல்ல எங்களுக்குள் உள்ள பேச்சு.

பிறகு விஷயத்துக்கு வந்தான். பட்டறை இல்லை. முதலாளி செத்து, கூரையும் போய், மெசின்களை யாரோ பழைய இரும்பாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வளைகுடா நாடு ஒன்றில் கப்பல் திருத்தும் யாட்டில் லேத் வேலைக்கு இவனைக் கேட்டிருக்கிறார்கள். செய்துகாட்டச் சொன்னார்களாம், கொழும்புக்குப் போய்ச் செய்துகாட்டினானாம், திருப்தியாம். ஆனால் பதினைந்து வருஷம் வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. யாட்காரர் ஒரு வழி சொன்னார்கள். இன்ன இணையத்தளத்தில் உன் பக்கத்தைத் திற, உன்னோடு வேலை செய்தவர்களைத் தொடர்பில் சேர், அவர்கள் உனக்காகச் சொல்லட்டும், மாதம் முடிய முன் நடக்க வேண்டும் என்று.

சூசை கொமினிகேசனில் இருந்த பிள்ளையைப் பிடித்துப் பக்கம் திறந்தான். சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் எங்கள் ஐந்து பேருடைய பிள்ளைகளின் மின்னஞ்சல்களைச் சேர்த்தான். ஐந்து பேருக்கும் அனுப்பினான். இப்போது அவனுடைய பக்கம் பூட்டப்பட்டுவிட்டது. ஐந்து பேர் ஒருவரைத் தெரியாது என்று சொன்னால் அவர் ஊர் பேர் தெரியாத ஆட்களுக்குத் தொல்லை கொடுக்கிறவர் என்று அந்தத் தளம் முடிவு செய்துவிடுமாம்.

“ஆர் மச்சான் என்னைத் தெரியாதெண்டு அமத்தினது?”

“நான் இல்ல” என்றேன். அதுவும் தானாக வந்தது.

“சரி. நீ இல்ல. வடிவேலும் தான் இல்லையாம். லண்டன்ல ரெண்டு பேரும் இல்லையாம். பாரிஸ்காரன் மாதாவில சத்தியம் பண்ணினான், அவன் சைவக்காரன். நான் கேட்டதே அஞ்சு பேரைத்தான் மச்சான்.”

கம்பியின் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

“கோவம் இல்லடா” என்றான் சூசை. “எனக்கு வந்திருந்தா நானும் அதைத்தான் அமத்தியிருப்பன். ஆனா இந்த முறை கேட்டது ஆமி இல்ல. தெரியுமெண்டு சொன்னாத்தான் நான் வெளிக்கிடலாம். பன்ரெண்டு நாள்தான் கிடக்கு.”

5

முதலில் ரொறன்ரோவில் உள்ள வடிவேலுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் இப்போது சொந்தமாகக் கார் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிறான். எங்களில் வாய்க்காரன் அவன்தான். அமத்தினாயா என்று கேட்டேன்.

“நீ?”

“ஓம்.”

“நானும்தான். நான் கதிரையில இருந்து எழும்பி நிண்டு அமத்தினன் மச்சான். எதுக்கு எழும்பினனெண்டு எனக்கே தெரியா.”

பிறகு மற்றவர்களும் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டார்கள். லண்டன்காரன் ஒருவன் முதலில் யன்னல் சீலையை இழுத்துவிட்டுத்தான் அமத்தினானாம். பாரிஸ்காரன் அமத்திவிட்டுக் கணினியின் வயரையே கழற்றி வைத்துவிட்டான். மூன்று நாள் அவனுடைய பிள்ளைகள் கணினி பழுது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவனும் தான் ஒருவன்தான் இப்படிச் செய்துவிட்டோம், மற்ற நாலு பேரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்கிறான்.

அமத்தினதைத் திருப்பி எடுக்க அந்தத் தளத்தில் பொத்தான் கிடையாது. மகளிடம் சொல்லவேண்டி வந்தது. உங்களோடு பதினொரு வருஷம் வேலை செய்தவரையா தெரியாது என்றீர்கள் என்று அவள் கேட்டபோது, அவளுடைய ரீச்சரே எனக்கு முன்னால் நிற்பது போல இருந்தது. அவள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மகள் வாசித்தாள்: உங்கள் கடிதம் கிடைத்தது, உங்கள் இலக்கம் இன்னது, நன்றி. மெசின் அனுப்பியதாம். நான் அந்த இலக்கத்தைத் துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இலக்கம் கையில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம். மூன்று நாளாக அந்த மெசினும் நாங்களும் ஆளுக்கு ஆள் நன்றி சொல்லிக்கொண்டோம்.

நாலாம் நாள் உண்மையான மனிதர் ஒருவர் எழுதினார். தெரியாது என்று சொன்ன ஐந்து பேரும் தனித்தனியாக, இவரைத் தெரியும் என்றும் எப்படித் தெரியும் என்றும் எழுதித் தந்தால் பக்கத்தைத் திறப்பார்களாம். முந்நூறு எழுத்துக்குள் எழுத வேண்டும்.

“சொல்லுங்கோ அப்பா. அவரை எப்படித் தெரியும்?” என்று மகள் கணினிக்கு முன்னால் இருந்தாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு மெசின் சத்தத்தைக் கேட்டால் இப்போது வெட்டுவது சூசையா மற்றவனா என்று சொல்லுவேன் என்றேன். திருகாணிப் புரி வெட்டும்போது அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பான், வெட்டி முடிந்ததும் ‘ஆண்டவரே’ என்று விடுவான் என்றேன். அளவுகோல் உடைந்த ஒரு வருஷம் முழுக்கப் பெருவிரல் நகத்தால் அளந்து வேலை செய்தான், ஒரு பம்கூடத் திரும்பி வரவில்லை என்றேன். என் பெருவிரல் மெசினில் அகப்பட்ட அன்று பெல்ற்றைக் கையாலேயே இழுத்து நிறுத்தியவன் அவன், அவனுடைய உள்ளங்கைத் தோல் அதில் போனது என்றேன். பாலத்தடிச் சைக்கிள் கதையையும் சொன்னேன். மகள் சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, ஏன் உங்களை விடவில்லை, ஏன் வெயிலில் இருத்தினார்கள் என்று கேட்டாள். அவள் ஜெர்மன் கலக்காமல் என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டு எத்தனையோ வருஷம்.

எண்ணிப் பார்த்தால் ஆயிரத்துக்கு மேலே எழுத்துகள் வந்திருந்தன. எதை வெட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கடைசியில், ‘பதினொரு வருஷம் ஒரே மெசின். அவர் என் கையைக் காப்பாற்றினார். அவருடைய அளவு பிழைப்பதில்லை’ என்று அனுப்பினோம். மற்ற நாலு பேரும் தங்கள் தங்கள் பிள்ளைகளைப் பிடித்து எழுதினார்கள். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது சூசையின் பக்கம் திறந்தது. மீசை இல்லாத அந்த முகம் மறுபடியும் வந்தது. இந்த முறை மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அமத்தினேன்.

‘தொடர்புகள்: 1’ என்று வந்தது.

6

அடுத்த நாள் மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது என் கைத்தொலைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் நான் எடுப்பதில்லை. இலக்கம் பெரிய இலக்கமாக இருந்ததால் எடுத்தேன். யாட்டில் இருந்து ஒருவர். மலையாளத்துக்காரர், பாதித் தமிழில் பேசினார். சூசைப்பிள்ளையை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

மனிதக் குரலில் அந்தக் கேள்வி வந்ததும் பழைய ‘தெரியாது’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொத்தான் என்றால் மகள் பக்கத்தில் இருந்தாள். இங்கே நான் தனியே, கையில் ஈரக் கையுறை. அவர் ஹலோ ஹலோ என்றார். மெசினின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. நான் மெசினை நிறுத்தினேன்.

“தெரியும்” என்றேன். “நல்லாத் தெரியும்.”

வளைந்த ஷாப்டை என்ன செய்வார் என்று கேட்டார். சொன்னேன். பித்தளைப் புஷ் கடைவாரா என்றார். கடைவது மட்டுமில்லை, பழைய விளக்குகளை உருக்கி அவனே வார்ப்பான் என்றேன். எந்தப் பாகை, எவ்வளவு வேகம், தண்ணீர் விடுவாரா எண்ணெய் விடுவாரா என்று அவரும் தொழில் தெரிந்தவராகக் கேட்டுக்கொண்டே போனார். நானும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள். கடைசியாக அவரிடம் என்ன குறை என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. மற்றவன் அளந்ததை நம்பமாட்டான், தானும் ஒருமுறை அளப்பான், அதனால் வேலை கொஞ்சம் சுணங்கும் என்றேன். மறுபக்கத்தில் அவர் அதை யாருக்கோ மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். கப்பலுக்கு அந்தக் குறை உள்ள ஆள்தான் வேண்டும் என்றார்.

திரும்பிப் பார்த்தால் பொறுப்பாளர் அம்மா கதவில் நின்றார். மெசின் நின்று இருபது நிமிடம், தட்டுகள் மலையாகக் கிடக்கின்றன. நான் இவ்வளவு பேசுவேன் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். யாருக்கும் சுகமில்லையா என்று கேட்டார். இல்லை, என் நண்பனைத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்று சொன்னேன் என்றேன். அதற்கு இருபது நிமிடமா என்றார். ஓம் என்றேன்.

7

இணையத்தில் ஆட்களைச் சேர்ப்பது நேரத்தை வீணாக்குகிற வேலை என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். எனக்கு நானூறு பேர் இல்லை. இப்போது ஒன்பது பேர். ஆறு பேர் லேத் ஆட்கள், சூசையும் மற்ற நாலு பேரும் போக மிச்சம் ஒருவர் அந்த மலையாளத்துக்காரர். போன மாதம் ஏறாவூர்ப் பக்கத்தில் ஒரு மில்லுக்கு ஷாப்ட் உடைந்து, அளவு தெரியாமல் நின்றார்களாம். சூசை கேள்வியைப் போட்டான். வடிவேல் அளவு சொன்னான், பாரிஸ்காரன் அது பிழை என்றான், நான் இரண்டும் பிழை என்று வரைந்து அனுப்பினேன். மில் ஓடுகிறது. தொழில் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அது ஐந்து நாட்டில் கிடந்திருக்கிறது.

சூசை போய்ச் சேர்ந்துவிட்டான். போன அன்று தொலைபேசி எடுக்கவில்லை, இரண்டு கிழமை கழித்துத்தான் எடுத்தான். யாட்காரர் எங்கள் ஐந்து பேரின் வாக்குமூலங்களையும் அச்சடித்து, அவனுடைய கடதாசிகளோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். கொழும்பு விமான நிலையத்தில் ஒரு அதிகாரி அதைக் கண்டுவிட்டார். மட்டக்களப்பு ஆள், கையில் வெளிநாடுகளில் உள்ள ஐந்து தமிழருடைய பெயர்கள். ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, கடதாசியை மேசையில் விரித்து, விரலை வைத்துக் கேட்டிருக்கிறார். இவர்களை உனக்குத் தெரியுமா?

நீ என்ன சொன்னாய் என்றேன்.

“தெரியும், சேர் எண்டு சொன்னன். அஞ்சு பேரையும் தகப்பன்ட பெயரோட, ஊரோட சொன்னன். முதலாவதா உன்ட பெயர்தான். எங்கட பட்டறையில எந்த மெசின்ல ஆர் நிண்டதெண்டும் சொன்னன். அந்தாள் எழுத எழுத நான் சொல்லிக்கொண்டே போனன்.”

“பயம் இல்லையா மச்சான்?”

“சரியான பயம். சாரமெண்டா நனைஞ்சிரிக்கும், நல்லகாலம் நான் காற்சட்டை போட்டிருந்தன்.”

“மறுகா?”

“மறுகா என்ன. கடதாசியை அடுக்கித் தந்து போகச் சொல்லிட்டார். பிளேன் வெளிக்கிட்டு மேல போனாப் பிறகுதான் எனக்கு அழுகை வந்த.”

சூசை, வடிவேல் என்ற பெயர்கள் உண்மைப் பெயர்கள் இல்லை. அவர்களைத் தெரியும் என்று நான் சொல்லலாம், அவர்களுடைய பெயரை அச்சில் போட எனக்கு உரிமை இல்லை. சூசையின் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. என் பெயருக்குப் பதிலாகப் புனைபெயர் ஒன்று போடலாமா, அதுதானே இப்போது புத்தி என்று தவமணி கேட்டாள். நான் மூன்று கிழமை யோசித்தேன். வேண்டாம் ஆசிரியர் ஐயா. செட்டிபாளையம் கண்ணமுத்துவின் மகன் தம்பிராசா என்றே போடுங்கள்.

எழுதி முடித்தது: 2008 ஐப்பசி 19, ஞாயிற்றுக்கிழமை.